கை பேசும் படத்துக்கு எத்தனை எம்பி?

வீடியோவைச் சுருக்கிக் கொடுக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இனி உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்னிடம் கேட்டவர்களை நான் திருப்பிக் கேட்பேன்: "யார் பார்ப்பதற்கு?" அதற்குப் பதில் சொல்லாதவர்களுக்கு நான் எந்த சாஃப்ட்வேரின் பெயரையும் சொன்னதில்லை. இதனாலேயே சில வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவின் மாடி அறையில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. கேமரா தூக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, கடைசியில் செல்போனில் போகிற அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுத்தவள் நான். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, இப்போது பென் டிரைவையும் யாரும் வாங்குவதில்லை. வளைகுடாவில் இருக்கிற மகன் தங்கச்சி கல்யாணத்தைப் போனிலேயே பார்த்துவிட வேண்டும். ஃபைல் கனமாக இருந்தால் அவனுக்கு இறங்காது. ரொம்ப இளைத்துவிட்டால் தங்கச்சியை அடையாளம் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு.

ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். கையில் புது சாஃப்ட்வேர். தன் லேப்டாப்பைத் திறந்து ஓர் அருவியைக் காட்டினார், ஒரு பறவையைக் காட்டினார், யாரோ வெள்ளைக்காரக் குழந்தை சிரிப்பதைக் காட்டினார்.

"பாதி சைஸுதான் மேடம். ஆனா குவாலிட்டி அப்படியே இருக்கும்."

என்னிடம் இதற்கென்றே ஒரு துண்டு வீடியோ உண்டு. மல்லாங்கிணறு பக்கம் நடந்த ஒரு கல்யாணம். மணப்பெண் கட்டியிருப்பது பொடிக் கட்டம் போட்ட அரக்குச் சிவப்புச் சேலை. மேளக்காரர் கை ஓயாமல் அடிக்கிறது. பின்னால் கரிசல் காட்டுப் புழுதி கிளம்புகிறது. சிவப்பு, பொடிக் கட்டம், வேகமான கை, புழுதி. சுருக்குகிற சாஃப்ட்வேர் எதுவானாலும் தடுக்கி விழுகிற நாலு இடங்கள் இவை. இந்தத் துண்டை வைத்துத்தான் நான் எதையும் சோதிப்பேன். நீங்களும் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விற்க வருகிறவன் கொண்டுவரும் அருவியை நம்பாதீர்கள். அது அவனுக்குப் பழகிய அருவி.

"இதைச் சின்னதாக்கிக் காட்டுங்க சார்" என்றேன்.

ஆக்கிக் காட்டினார். சேலையில் கட்டம் இல்லை. குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்தது போல ஒரு சிவப்பு மட்டும் இருந்தது. நான் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ், இரண்டிலும் சேலையைப் பற்றித்தான் பேச்சு. கட்டம் கரைந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

"சேலையை யாரு மேடம் உத்துப் பாக்கப் போறாங்க?"

"இந்த ஊர்ல முதல்ல சேலையைத்தான் சார் பாப்பாக. மாப்பிள்ளையெல்லாம் அப்புறந்தான்."

ஆனாலும் முதலாளி அதை வாங்கிவிட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். அப்பா ஆரம்பித்த கடையை எடுத்து நடத்துகிறவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. புதிதாக ஒன்றை வாங்கினால் அதை ஊருக்கே காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு வீடியோவின் வலது கீழ் மூலையிலும் கடையின் பெயரைத் தங்க எழுத்தில் தானாகப் பதித்துவிடும். அதில் மயங்கிவிட்டார். இனிமேல் எல்லா வேலையும் இதில்தான் என்று உத்தரவும் போட்டார். நான் பெரிய வேலைகளுக்குப் பழைய இலவச சாஃப்ட்வேரையே ஓட்டிக்கொண்டிருந்தேன். அது கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டுகிற சாஃப்ட்வேர். பார்வைக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் எதை வைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அது நம்மிடம் கேட்கும். மற்றவை நம்மைக் கேட்காமல் தாங்களே முடிவெடுத்துக்கொள்ளும்.

இந்தக் கேட்பதும் கேட்காததும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ரஹ்மத் வந்த அன்றைக்குத்தான் கடையில் எல்லாருக்கும் தெரிந்தது.

வீரசோழனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கடை திறக்கும்போதே ஒரு பெரியவரும் இளம்பெண் ஒருத்தியும் வாசலில் நின்றார்கள். பெரியவர் வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. பெண் கறுப்பு பர்தா போட்டிருந்தாள், முகம் திறந்திருந்தது. கோபமாக இருக்கிறாள் என்பது படியேறி வந்த விதத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, இவ எம் மக ரஹ்மத்து" என்றார் பெரியவர். "காது கேக்காது, பேச்சும் வராது. கையாலதான் பேசுவா. நான் சவுதில வண்டி ஓட்டுன காலத்துல வீட்டுக்கு வீடியோ கால் போட்டா, மத்தவுகல்லாம் நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டீகளான்னு கேட்டுட்டுப் போயிருவாக. இவ ஒருத்திதான் ஊர்க்கதை அம்புட்டையும் கையால சொல்லுவா."

மதுரையில் ஒரு டிரஸ்ட், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் எடுத்து வீடியோவாக வெளியிடுகிறது. அதற்கு ஓர் ஆசிரியை தேவை. விண்ணப்பிக்கிறவர்கள் ஏதாவது ஒரு கதையைச் சைகையில் சொல்லி, மூன்று நிமிட வீடியோவாக அவர்களுடைய இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ரஹ்மத் காது கேளாதோர் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். ஊரில் அவளைப் போல இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அவளும் அனுப்பியிருந்தாள். 'சைகை தெளிவாக இல்லை. இன்று மாலைக்குள் திருத்தி அனுப்பினால் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்திருந்தது.

"ஊர்ல என்ன சொல்றாகன்னா, நம்ம ஊரு கை வேற, டவுனு கை வேற, அவுகளுக்குப் புரியலன்னு சொல்றாக. அதைக் கேட்டதுலருந்து இவ சாப்பிடல" என்றார்.

ரஹ்மத் தன் போனில் எதையோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'என் கை தெளிவு. வீடியோதான் தெளிவு இல்லை.'

அவள் போனில் எடுத்த மூலப்படத்தையும், ஒரு பிரவுசிங் சென்டரில் சுருக்கி அனுப்பிய ஃபைலையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். அவள் சொன்னது சரிதான். மூலத்தில் பத்து விரலும் பேசின. சுருக்கியதில் முகம் பளிச்சென்று இருந்தது, கையிருக்கும் இடத்தில் புகை. கை நின்றால் விரல் தெரியும், அசைந்தால் காணோம். சைகையில் பேசுகிறவளுக்குக் கை நிற்பது எப்போது? வாக்கியம் முடியும்போதுதான்.

முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நம்ம புது சாஃப்ட்வேர்ல போடுங்கக்கா. இப்ப முடிஞ்சிரும்."

அதிலும் போட்டேன். கடையில் இருந்த மற்ற மூன்றிலும் போட்டேன். நாலுக்கும் ஒரே வரம்பு, இருபது எம்பிக்குள் வர வேண்டும். அதைத் தாண்டினால் டிரஸ்ட்டின் இணையதளம் ஏற்காது. நாலு ஃபைலையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் முதலாளி வாங்கியதுதான் முதலிடம். தோல் வழுவழுவென்று, பின்னால் இருந்த வேப்பமரம் பச்சைப் பசேலென்று இருந்தது.

"பாருங்க பாய், சினிமா மாதிரி இருக்கு" என்று முதலாளி பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தங்க எழுத்தில் கடையின் பெயர் மின்னியது. பெரியவர் முகம் மலர்ந்தது.

ரஹ்மத் மட்டும் இல்லை என்று தலையாட்டினாள்.

இங்கேதான் பிள்ளைகளே, பலரும் சறுக்குவார்கள். நிறுத்திய படத்தைப் பார்த்து இது நல்லது, அது மோசம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எனக்குச் சைகை தெரியாது. ஆகவே எனக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ரஹ்மத்துக்கும் இல்லை. அவள் சொன்ன கதை அவளுக்குத் தெரியுமே, மங்கலாக இருந்தாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். கை படிக்கத் தெரிந்த, ஆனால் இந்தக் கதையை இதுவரை பார்க்காத ஓர் ஆள் வேண்டும்.

போனில் தட்டிக் காட்டினேன். ரஹ்மத் ஒரு கணம் யோசித்துவிட்டு யாருக்கோ வீடியோ கால் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்வி வந்தாள். பள்ளியில் ரஹ்மத்தோடு படித்தவள், அவளுக்கும் காது கேட்காது. இங்கேயே ஒரு சேலைக் கடையில் மடிப்பு வேலை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் முதலாளியின் ஃபைலை ஓட்டினேன். பார்த்துவிட்டு, புரிந்ததைப் போனில் எழுதினாள்: 'ஒரு ஆடு பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் ஆட்டுக்குக் கை கொடுத்தார். பிறகு புரியவில்லை.'

ரஹ்மத் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஆட்டுக்குக் கை கொடுக்கவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். கதையே அதில்தான் இருக்கிறது.

அடுத்த இரண்டும் அப்படியே. நாலாவதாக, கறுப்புத் திரைக்காரன் சுருக்கியதை ஓட்டினேன். அதில் நான் படத்தின் நீள அகலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தேன். ஆனால் அசைவைக் காட்டும் தனித்தனிப் படங்களில் ஒன்றை, ஒரு ஃப்ரேமைக்கூட, விடவில்லை. பார்க்க அழகே இல்லை. வேப்பமரம் பாசி படிந்த சுவர் மாதிரி கட்டங்கட்டமாக இருந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதியில் தோள் குலுங்கியது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

'ஆட்டுக்கு டிக்கெட் போட்டார். ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டது. செக்கர் வந்து டிக்கெட் எங்கே என்கிறார். ஆடு வாயைத் திறந்து காட்டுகிறது.'

அவள் சிரித்ததில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. புது சாஃப்ட்வேர் என்ன செய்திருக்கிறது என்றும் புரிந்தது. சைஸைக் குறைக்க அது நம்மைக் கேட்காமல் ஃப்ரேம்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. மிச்சமிருந்ததில், வேகமாக அசைகிற விரலைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. துடைத்ததால்தான் அந்த வழுவழுப்பு.

இன்னொரு திருடனும் இருந்தான், வேப்பமரம். காற்றில் ஆடும் ஒவ்வோர் இலையையும் வரைந்து காட்ட வேண்டும் என்று சாஃப்ட்வேர் பாடுபடுகிறது. இருப்பதோ இருபது எம்பி. இலைக்குக் கொடுத்தது போக மிச்சந்தான் விரலுக்கு.

"மறுபடி எடுப்போம்" என்றேன்.

வெற்றுச் சுவர் முன்னால், சன்னல் வெளிச்சம் முகத்திலும் கையிலும் விழும்படி ரஹ்மத்தை நிறுத்தினோம். கறுப்பு பர்தாவுக்கு மேல் கை அசைந்தால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பின்திரை போட்டாலும் இப்படி அமையாது. ஆட்டுக்கதையை மறுபடி சொன்னாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபமெல்லாம் அந்த செக்கருக்குப் போய்ச் சேர்ந்தது, கதை இன்னும் நன்றாக வந்தது.

சின்ன அளவில் சுருக்கி இணையதளத்தில் ஏற்றினேன். ஏற்கவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது: 'படத்தின் அளவு விதிமுறைப்படி இல்லை.'

விதியைத் தேடிப் படித்தேன். படம் முழு எச்டி அளவில் இருக்க வேண்டுமாம். ஃபைல் இருபது எம்பியைத் தாண்டவும் கூடாதாம். அண்டா பெரிதாக இருக்க வேண்டும், ஊற்றுவது ஒரு சொம்புத் தண்ணீர், ஆனால் அண்டா தளும்ப வேண்டும் என்றால் எப்படி? வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் விரல்களைக் கொன்றது இந்த இரண்டு வரிகள்தான். ரஹ்மத்தின் முதல் ஃபைலும் அப்படித்தான் செத்திருக்கிறது.

டிரஸ்ட்டுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் செட் பண்ணியிருக்கு. எங்களால மாத்த முடியாது."

"இந்த சைஸுல எச்டி கேட்டா விரல் தெரியாதும்மா. கையே பேச்சா இருக்கவுகளுக்கு இது எப்படி விதியாகும்?"

"அது டெக்னிக்கல் டீம் மேடம். நீங்க ஒரு மெயில் போடுங்க."

மெயிலுக்குப் பதில் வருவதற்குள் மாலை போய்விடும்.

"விடு தங்கச்சி" என்றார் பெரியவர். அவருக்கு என்னைச் சிரமப்படுத்துகிறோம் என்ற கூச்சம். "அவுக கேக்குற மாதிரியே குடுத்துருவோம். கெடைச்சாக் கெடைக்கட்டும்."

அவருடைய உதட்டைப் படித்துவிட்டாள் ரஹ்மத். மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரைப் பார்த்து வேகமாகக் கையை ஆட்டினாள்.

"என்ன சொல்றாண்ணே?"

"என்னையச் சும்மா இருக்கச் சொல்றா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விதி கேட்பது சட்டகத்தின் அளவை. சட்டகத்துக்குள் ஆள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. கறுப்பு நிறத்தைச் சேமிக்க எந்த சாஃப்ட்வேருக்கும் செலவே இல்லை. அசையாத கறுப்பு ஏறக்குறைய இலவசம். அப்படியானால் முழு எச்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை. அதன் நடுவில் சின்ன அளவில் ரஹ்மத். இருபது எம்பியில் பெரும்பகுதியும் அவள் கைக்கும் முகத்துக்கும். ஒரு ஃப்ரேமும் போகாது.

செய்தேன். இருபதுக்குள் அடங்கியது. செல்வி வேலைக்குத் திரும்பியிருந்தாள், ஆனால் ரஹ்மத் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கட்டைவிரலை உயர்த்தினாள். அதற்கு எனக்கும் அர்த்தம் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் குமாரலிங்கபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் வாங்க வந்து அறை நிறைய நின்றார்கள். முதலாளி அவர்களோடு உள்ளே வந்தவர் திரையைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா இது? சுத்தி அம்புட்டும் கறுப்பு. சன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு!"

"இப்படித்தான் போகும்."

"நம்ம கடையிலருந்து இப்படி ஒண்ணு வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் வருவான்? லோகோ எங்க?"

"லோகோ பதிக்கிற உங்க சாஃப்ட்வேர்ல போட்டா விரலே அழிஞ்சிரும். கடைப் பேரு மின்னும், அவ என்ன பேசுறான்னு யாருக்குத் தெரியும்?"

கல்யாண வீட்டார் ஆல்பத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இது என் கடை."

"கடை உங்களதுதான். கை அவளது."

"நான் சொன்ன சாஃப்ட்வேர்ல போட்டு அனுப்புங்க. இல்லைன்னா இந்த வேலை நமக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிருங்க."

அத்தனை பேர் முன்னால் முதலாளியோடு நான் அதுவரை மோதியதில்லை. ஆனால் செல்வி எழுதிக் காட்டியது கண்ணுக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் ஆட்டுக்குக் கை கொடுத்தார். அதை அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு இந்த நாற்காலியில் உட்காருவது? அவளுடைய பேச்சை நான் அழித்து, அழித்ததைப் பளபளப்பாக்கி, மேலே கடைப் பெயரும் போட்டுக் கொடுத்தவள் ஆவேன்.

"உங்க கம்ப்யூட்டர்லருந்து அனுப்பல. என் போன்லருந்து அனுப்புறேன். கடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நாளைக்கு என்னைய வரவேண்டாம்னு சொல்லணும்னா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

ஃபைலை என் போனுக்கு மாற்றி, பெரியவரையும் ரஹ்மத்தையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏற்றினோம். டவர் போவதும் வருவதுமாக இருந்தது. பச்சைக் கோடு நகர்கிறதா என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆடை கட்டிவிட்டது. கடைசியில், 'உங்கள் படம் ஏற்கப்பட்டது.'

பெரியவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ரஹ்மத் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பொறை ரொட்டியும் கேட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். முதலாளி வராதே என்று சொல்லவில்லை. என்னோடு பேசவும் இல்லை. சில நாள் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து வைத்து, "இதை எதுல போடலாம், பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். நாங்கள் இருவரும் சமாதானம் ஆனது அவ்வளவுதான்.

டிரஸ்ட்டில் நடந்ததைப் பெரியவர் அடுத்த முறை மகளோடு வந்தபோது சொன்னார். வீடியோ காலில் நேர்காணல். அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவர் சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர், ஓர் அம்மா.

"அந்த அம்மா எடுத்த எடுப்புல என்ன சொன்னாகன்னா, வந்ததுலயே உன்னோடதுதான் முழுசாப் படிக்க முடிஞ்சது, ஆனா ஏன் சுத்திக் கறுப்பாயிருக்குன்னு கேட்டாக. இவ சும்மா இருப்பாளா? உங்க விதிதான் காரணம்னு ஆரம்பிச்சா பாருங்க. எச்டியும் கேக்குறீக, சைஸும் குறையணுங்குறீக, விரல் எப்படித் தெரியும்னு கேட்டுட்டா. எனக்குப் பயமாப் போச்சு. வேலை கேக்கப் போன இடத்துல இப்படியா பேசுறது?"

ரஹ்மத் அவர் தோளைத் தட்டி, மிச்சத்தையும் சொல்லச் சொன்னாள்.

"ஆமா, அதுக்கப்புறம் இன்னொண்ணு கேட்டா. சைகை தெளிவில்லைன்னு சொல்லி எத்தனை பேரை ஒதுக்குனீக? அவுக கை தெளிவில்லையா, ஃபைல் தெளிவில்லையா? அதைப் பாக்காம நீங்க யாருக்கும் வேலை குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா."

பிறகு மொழிபெயர்ப்பாளர் மற்ற இருவரிடமும் என்னவோ பேசியிருக்கிறார். விதியைத் தளர்த்தி, ஒதுக்கப்பட்டவர்களை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியவர்களில் பரமக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பல வருடம் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் அவளுக்கு. வேலை அவளுக்குப் போனது.

கேட்டுக்கொண்டிருந்த முதலாளி உச்சுக் கொட்டினார். "பாத்தீகளா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இவளுக்கே கெடைச்சிருக்கும்."

பெரியவர் அதைக் கையால் மகளுக்குச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அவர் மகளிடம் எதையும் மறைப்பவர் இல்லை. ரஹ்மத் முதலாளியை நேராகப் பார்த்தாள். போனை எடுத்து நிதானமாகத் தட்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'தோற்றால் என் கையால் தோற்பேன். இன்னொருத்தி ஃபைலால் தோற்று நான் ஜெயிக்க வேண்டாம்.'

முதலாளி எழுந்துபோய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு ரஹ்மத் வந்தது வேறு வேலையாக. சென்னையில் ஒரு நிறுவனம் இதே மாதிரி ஆள் எடுக்கிறதாம், அதற்கு அனுப்ப வேண்டும். புதுக்கதை ஒன்று தயாராக வைத்திருந்தாள். சுவர் முன்னால் போய் நிற்கப் போகும்போது அவள் போன் அதிர்ந்தது. வீடியோ கால். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். டிரஸ்ட்டில் நம்பர் வாங்கிக் கூப்பிட்ட பரமக்குடிக்காரி. பாட வீடியோக்களை எப்படிச் சுருக்குவது, உனக்குச் செய்து கொடுத்தது யார் என்று ரஹ்மத்திடமே கேட்கிறாள் என்றார் பெரியவர். வேலையைத் தட்டிக்கொண்டு போனவள் என்ற எண்ணம் ரஹ்மத் முகத்தில் கொஞ்சமும் இல்லை. இரண்டு பேரும் கையால் பேசித் தள்ளினார்கள்.

திடீரென்று ரஹ்மத் போனை என் பக்கம் திருப்பினாள். என்னைக் காட்டி, வலது கையை முறுக்கி நெஞ்சுக்கு நேரே அழுத்தி ஒரு சைகை செய்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பிச் செய்து சிரித்தாள். எனக்குப் புரியவில்லை.

"இவுகளுக்குள்ள ஒரு வழக்கம் தங்கச்சி" என்றார் பெரியவர். "பேரை எழுத்தெழுத்தாச் சொல்ல மாட்டாக. ஆளைப் பாத்து, அவுக குணத்தைப் பாத்து, கையிலயே ஒரு பேரு வச்சிருவாக. எல்லாருக்கும் வைக்க மாட்டாக. மனசுக்குப் பிடிச்ச ஆளுக்குத்தான். உங்களுக்கு வச்சிருக்கா."

"என்ன பேருண்ணே?"

சொல்லத் தயங்கினார். ரஹ்மத் விடவில்லை, சொல்லுங்கள் என்று அவர் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"பிடிவாதக்காரி."

ரஹ்மத் என் அருகில் வந்தாள். என் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நெஞ்சுக்கு நேரே வைத்து அழுத்திக் காட்டினாள். பிறகு கையை விட்டுவிட்டு, நீயே செய் என்று காத்திருந்தாள். நான் செய்தேன்.